டீ கேட்ட ஆயாவுக்கும் எங்கள் தெருவுக்கும் நன்றி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அனைவருக்கும் மாடி வீட்டுப் பையன்கள் நால்வரின் வணக்கம்.

கடந்த வெள்ளிக்கிழமை இரவு எங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்ததை நீங்கள் எல்லோரும் நேரில் பார்த்தீர்கள் என்பதால் அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை; சமையலறைச் சுவரில் படிந்திருக்கும் கரி இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அன்று நன்றி சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எரிகிற எண்ணெய்ச் சட்டியில் சொம்புத் தண்ணீரை ஊற்றப் போன கையைத் தட்டிவிட்டு, கீழ்வீட்டுத் திண்ணையில் கிடந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்து சட்டியை மூடி, சிலிண்டரின் ரெகுலேட்டரையும் அணைத்த பஜ்ஜிக் கடை அண்ணனுக்கு முதலில் எங்கள் நன்றி. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வாரி இறைத்துவிடும் என்பதைப் பொறியியல் படிக்கும் நாங்கள் நால்வரும் வேறு வேறு சொற்களில் தேர்வில் எழுதியிருக்கிறோம். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்தது அவர் ஒருவருக்குத்தான். சுட்ட கையில் தடவ நாங்கள் பிதுக்கிய பற்பசையைப் பிடுங்கி எறிந்தவர் எதிர்வீட்டுச் செவிலியர் அக்கா. இந்தக் கோடையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் இரவிலும் கொதிக்கும் என்பதால், அவர் எங்களைக் கீழே அழைத்துப் போய் அடிகுழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்ட வைத்தார். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டவர்களுக்கும், மறுநாள் கரி கழுவ வாளியோடு வந்தவர்களுக்கும், ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளாத வீட்டுக்காரருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் கீழ்வீட்டு ஆயா. அந்தத் தாம்பாளம் அவருடையது.

அன்றைக்குப் பிறகு மூன்று நாள் நாங்கள் அடுப்பைத் தொடவில்லை. உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து, அணைத்த ரெகுலேட்டரையே ஆளுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டுப் படுப்போம். லைட்டரைக் கையில் எடுத்தாலே, நீ பற்றவை, நீ பற்றவை என்று ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்வோம். தாம்பாளத்தைப் புளி போட்டு இரண்டு நாள் தேய்த்தும் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் போகவில்லை. அதை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்று கதவுக்குப் பின்னால் வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை மாலை, மூட்டு வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி ஆயாவே வந்துவிட்டார். திட்டப் போகிறார், அல்லது தாம்பாளத்தைக் கேட்கப் போகிறார் என்று நாங்கள் வரிசையாக நின்றோம். அவரோ கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே, "இன்னாபா, ஒரு டீ போட்டுக் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்.

கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? ஒருவன் பால் வாங்க ஓடினான். ஒருவன் நடுங்கிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தான். நால்வரும் பால் பாத்திரத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றும் அது பொங்கி வழிந்தது, நாங்கள் அலறினோம். ஆயா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "பொங்கட்டும் வுடு. குடி வந்தப்போ பால் காச்சினீங்களா?" என்றார். இரண்டு பாயும் ஒரு குக்கரும் மட்டும் கொண்டு வந்த எங்களுக்கு அதெல்லாம் எங்கே தோன்றியது? இல்லை என்றோம். "அப்போ இன்னிக்குத்தான் குடி வந்தீங்கன்னு வெச்சுக்கோ" என்று சொல்லி, சர்க்கரை தூக்கலான அந்த டீயை டம்ளர் காலியாகும் வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார். ஆயா டீயே குடிப்பதில்லை, காப்பிதான் என்பதை மறுநாள் அவருடைய பேத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அன்று இரவே சோறு வடித்தோம். குழைந்துதான் போனது. எங்கள் சமையல் என்றைக்கும் அப்படித்தான்: தண்ணீர் வைக்காமல் குக்கர் ஏற்றியதும், கட்டி தட்டிய கேழ்வரகுக் களியைக் குழம்பில் கரைத்துக் குடித்ததும், அடிப்பிடித்த பருப்பின் வாடை தெருக்கோடி வரை வந்ததும் நீங்கள் எட்டு மாதமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு பொறுத்தவைதான். அவை இனி நடக்கா என்று சத்தியம் செய்ய எங்களால் ஆகாது. எண்ணெய் அடுப்பில் இருக்கும்வரை கைபேசி அடுத்த அறையில் இருக்கும், சட்டிக்கு ஏற்ற மூடி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் என்ற இரண்டை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். மூடி வாங்கிவிட்டோம்.

ஆகவே தாம்பாளம் ஆயாவிடம் திரும்ப வேண்டும். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று எங்கள் வீடுகளிலும் சொல்லித்தான் வளர்த்தார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்தரிக்காய் விளையும் ஊர்ப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதுவரை அதை வாங்கிச் சமைக்க எங்களுக்குத் துணிவு வந்ததில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து அந்தக் கறுப்பு வட்டத்தின் மேலேயே வைத்துக் கொண்டுவருகிறோம். காப்பியும் போட்டு வருவோம். உப்புக் கூடியிருந்தால் ஆயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
மாடி வீட்டு நால்வர்