இரண்டாம், மூன்றாம் விருப்புகளை மக்களுக்குக் கற்பியுங்கள்: இலங்கைத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் ஆணைக்குழுவின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2024 செப்டெம்பர் 22 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஜனாதிபதித் தேர்தலில் எந்த வேட்பாளரும் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெறவில்லை என்றும், அதனால் இரண்டாம், மூன்றாம் விருப்புகள் (வாக்காளர்கள் தம் சீட்டில் 2, 3 என்று குறித்த தெரிவுகள்) எண்ணப்படும் என்றும் தங்கள் ஆணைக்குழு அறிவித்தது. 1982 இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலிருந்து 2019 வரை எட்டுத் தேர்தல்களிலும் முதலாவது எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால், சட்டத்தில் எழுதப்பட்டிருந்த இந்த ஏற்பாடு 42 ஆண்டுகளாகக் கையாளப்படாமலே கிடந்தது. 1988 இல் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதமும், 2005 இல் மகிந்த ராஜபக்ஷ 50.29 வீதமும் பெற்றபோது அது மயிரிழையில் தவிர்ந்தது. அதை முதன்முறையாக நடைமுறைப்படுத்தி, அன்று மாலையே முடிவை அறிவித்து, மறுநாள் புதிய ஜனாதிபதி பதவியேற்க வழிசெய்த அலுவலர்கள் எல்லோரும் நாட்டின் நன்றிக்குரியவர்கள். பாடசாலையில் குடியியல் கற்பித்தவன், தேர்தல் கடமைக்கும் சென்று வந்தவன் என்ற முறையில் அந்த உழைப்பின் அருமையை நான் அறிவேன்.

அநுர குமார திசாநாயக்க அவர்களின் வெற்றி சட்டப்படியானது என்பதில் எனக்கு எவ்வித ஐயமும் இல்லை. நான் கவலைப்படுவது அந்த இரண்டாவது எண்ணிக்கையில் வெளிப்பட்ட இலக்கங்களைப் பற்றித்தான்.

முதலாவது எண்ணிக்கையில் செல்லுபடியான வாக்குகள் 13,319,616. திசாநாயக்க 5,634,915 வாக்குகளும் சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளும் பெற்று முதலிரு இடங்களில் நின்றனர். ரணில் விக்கிரமசிங்க, நாமல் ராஜபக்ஷ, தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் உட்பட ஏனைய அனைவரும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் கிடைத்திருந்த வாக்குகளைக் கூட்டினால் 3,321,666 வருகிறது. இந்த 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளிலிருந்து திசாநாயக்கவுக்கு 105,264 வாக்குகளும் பிரேமதாசவுக்கு 167,867 வாக்குகளும் சேர்ந்தன. இரண்டும் சேர்ந்தாலும் 273,131 மட்டுமே. நூறு சீட்டுகளில் ஏறக்குறைய எட்டுத்தான் இறுதிப் போட்டியில் பேசின. எஞ்சிய 30 இலட்சத்து 48 ஆயிரத்துக்கும் அதிகமானவை, யார் ஜனாதிபதியாவது என்ற கடைசிக் கேள்விக்கு எந்தப் பதிலும் சொல்லாமல் ஓரமாக வைக்கப்பட்டன. முதலிருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசமோ 12 இலட்சத்து 71 ஆயிரம். விருப்புகள் நிறைய இடப்பட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எவரிடமும் ஆதாரம் இல்லை. ஆனால் நெருக்கமான போட்டி ஒன்றில் இதே நிலை ஏற்பட்டால், வென்றவரும் தோற்றவரும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் மக்களும் அந்த முடிவை எந்த மனநிலையோடு ஏற்பார்கள் என்பதை இப்போதே சிந்திக்க வேண்டியிருக்கிறது.

தேர்தல் முடிந்த நாட்களில் இருவகைப் பேச்சுகள் கேட்டன. நூற்றுக்கு 42 பேர் மட்டுமே விரும்பிய ஒருவர் எப்படி நாட்டுக்கே ஜனாதிபதியாகலாம் என்று ஒரு சாரார் கேட்டார்கள். இரண்டாவது எண்ணிக்கைக்குப் பின் அவர் பாதியைத் தாண்டிவிட்டாரே என்று மற்றொரு சாரார் பதில் சொன்னார்கள். இறுதியில் இருவருக்கும் கிடைத்த வாக்குகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அவருடைய பங்கு ஏறத்தாழ 56 வீதம். செல்லுபடியான எல்லா வாக்குகளையும் வைத்துப் பார்த்தால் 43 வீதம். இரண்டு கணக்கும் சரிதான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த 30 இலட்சம் சீட்டுகளைப் பற்றித்தான் எவரும் பேசவில்லை. பிரான்சில் நடப்பதுபோல இரண்டு வாரம் கழித்து மீண்டும் மக்களை வாக்களிக்க அழைத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. அதற்கு அரசியலமைப்பையே மாற்ற வேண்டும், இன்னொரு தேர்தலின் செலவையும் சுமக்க வேண்டும். அந்த இரண்டாம் சுற்றை ஒரே சீட்டில், ஒரே நாளில் முடித்துவிடும் வழியைத்தான் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 94 ஆவது உறுப்புரை நமக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. தந்ததை மக்கள் பயன்படுத்தவில்லை என்றால் அதற்கான காரணத்தைத் தேடுவதே முதல் வேலை.

எனக்குத் தெரிந்த காரணங்களை எழுதுகிறேன். முடிவு அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த வாரம் எங்கள் ஊர் வாசிகசாலையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வயதான அம்மா ஒருவர், "மாஸ்டர், ஒண்டுக்கு மேல எழுதினால் சீட்டுப் பழுதாப் போகும் எண்டு சொன்னவை, அதாலை நான் ஒண்டோடை விட்டிட்டன்" என்றார். அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு வாக்களித்த இளைஞர் ஒருவர், இரண்டாவதாக இன்னொருவருக்கு எழுதினால் சங்குக்கான வாக்கின் பலம் குறைந்துவிடும் என்று உறுதியாக நம்பியிருந்தார். இருவரும் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள், ஒரு தேர்தலையும் தவறவிடாதவர்கள். அவர்களிடம் இருந்தது அக்கறையின்மை அன்று, அச்சம். கட்சிக் கூட்டங்களில் "எங்கள் சின்னத்துக்கு மட்டும் போடுங்கள், வேறெங்கும் பேனையை வைக்காதீர்கள்" என்று கேட்டுப் பழகிய மக்களுக்கு அந்த அச்சம் வருவது இயல்பே. தங்கள் ஆணைக்குழுவும் வழிகாட்டல்களை வெளியிட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வாசல்வரை வந்த குரல் கட்சிகளுடையதாகவே இருந்தது.

இன்னொரு காரணம் பழக்கம். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு புள்ளடியோடு (× அடையாளத்தோடு) வேலை முடிகிறது. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அதே கட்சியின் மூன்று வேட்பாளர்கள் வரை அவர்களுடைய இலக்கங்களின் மேல் புள்ளடி. அந்த மூன்றும் சம மதிப்புள்ளவை, ஒரே வேளையில் எண்ணப்படுபவை. ஜனாதிபதித் தேர்தலில் மட்டும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும், அந்த வரிசைக்குப் பொருளும் உண்டு. மூன்று தேர்தல்களுக்கு மூன்று வகையான அடையாளமிடல் இருக்கும் நாட்டில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் முறையை மக்கள் தாமாகவே நினைவில் வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. புள்ளடி இட்ட சீட்டிலேயே வேறு பெயர்களுக்கு நேரே 2, 3 என்று எழுதினால் என்னவாகும் என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அத்தகைய கேள்விக்கான விடை வாக்களிப்பு நிலையத்தின் வாசலிலேயே, பெரிய படமாக, இரு மொழிகளிலும் தொங்க வேண்டும்.

மக்களுக்குச் சொல்ல வேண்டியது உண்மையில் மிகச் சிறிது. உங்கள் இரண்டாம் விருப்பு உங்கள் முதலாம் விருப்பை ஒருபோதும் பாதிக்காது; நீங்கள் 1 என்று எழுதியவர் நீக்கப்பட்ட பிறகே அந்தச் சீட்டில் 2 எங்கே இருக்கிறது என்று அலுவலர் பார்ப்பார். அந்த 2 முதலிருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும். நீக்கப்பட்ட இன்னொருவருக்கு இருந்தால் 3 பார்க்கப்படும். மூன்றும் நீக்கப்பட்டவர்களுக்கே போயிருந்தால் சீட்டு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே வெல்ல வாய்ப்பில்லை என்று தெரிந்தும் கொள்கைக்காக ஒருவருக்கு முதலிடம் கொடுக்கும் வாக்காளர்தான், முன்னணியில் நிற்பவர்களில் யாரை ஓரளவாவது ஏற்கலாம் என்பதை 2 இலோ 3 இலோ மறக்காமல் குறிக்க வேண்டும். அரியநேத்திரன் அவர்களுக்கு வாக்களித்த 226,343 பேருக்கு இந்த ஒரு வாக்கியம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால், தமிழ் மக்களின் கோரிக்கையை உலகறியச் சொல்வதா, நாட்டின் தலைவரைத் தெரிவதில் பங்கெடுப்பதா என்று அவர்கள் அத்தனை மனவேதனையோடு தவித்திருக்க வேண்டியதில்லை. ஒரே சீட்டில் இரண்டையும் செய்யச் சட்டம் இடமளித்திருந்தது. அது தெரியாமலே போனவர்களை நினைக்கும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது.

நிராகரிக்கப்பட்ட வாக்குகளையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2019 இல் அவை 135,452 ஆக இருந்தன. 2024 இல் 300,300 ஆகிவிட்டன. இரண்டாவது எண்ணிக்கையில் சேர்ந்த விருப்புகள் அனைத்தையும் விட இது அதிகம். 39 பெயர்களுடன் இரண்டடிக்கும் மேல் நீண்ட சீட்டை விரித்து, சிறிய மறைப்புக்குள் நின்று, தன் சின்னத்தைத் தேடிய ஒருவருடைய கை தடுமாறியிருக்கலாம். எவரையும் விரும்பாமல் வேண்டுமென்றே கோடிட்டவர்களும் இருந்திருக்கலாம். 1, 2, 3 என்ற வரிசையைத் தவறாக விளங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதே நாம் அறிய வேண்டியது. நிராகரிப்பின் காரணத்தைச் சீட்டு சீட்டாகப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள் என்பதால், மாவட்டவாரியாக அந்தக் காரணங்களின் தொகையைத் திரட்டுவது இயலாத காரியமாக இருக்காது.

எனவே ஆணைக்குழுவிடம் நான் முதலாவதாகக் கேட்பது ஒரு முழுமையான கணக்கு. நீக்கப்பட்ட வேட்பாளர்களின் சீட்டுகளில் எத்தனை ஒரே அடையாளத்தோடு நின்றன, எத்தனையில் 2 இருந்தும் நீக்கப்பட்ட இன்னொருவருக்கே போனது, எத்தனையில் 3 வரை பார்க்க வேண்டி வந்தது என்பவற்றை, எந்த வேட்பாளரின் சீட்டுகள் என்ற பிரிப்போடும் மாவட்டப் பிரிப்போடும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிடுங்கள். கடந்த தேர்தலுக்கு அந்தத் தரவு திரட்டப்படவில்லை என்றால், அடுத்த தேர்தலின் எண்ணும் படிவங்களிலேயே அதற்கான நிரல்களைச் சேருங்கள். அறியாமையால் விடப்பட்டவை எவை, விரும்பியே விடப்பட்டவை எவை என்பதை அப்போதுதான் ஊகமின்றிப் பேச முடியும். விரும்பியே விடுவதும் வாக்காளரின் உரிமை. அதை நான் மதிக்கிறேன்.

அடுத்தது கற்பித்தல். உத்தியோகபூர்வ வாக்காளர் அட்டை தபால்காரர் கையால் ஒவ்வொரு வாக்காளருக்கும் போய்ச் சேருகிறது; அதன் பின்புறத்தில் சரியாக அடையாளமிட்ட சீட்டு ஒன்றின் படத்தையும் நிராகரிக்கப்படும் சீட்டுகளின் படங்களையும் அச்சிடலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் செவிப்புலன் குறைந்தவர்களுக்கும் தனியான ஏற்பாடு வேண்டும். பாடசாலைகளில் மாணவத் தலைவர்களை இதே முறையில் தெரிவுசெய்யச் சொன்னால், பதினெட்டு வயதை எட்டும் முன்பே பிள்ளைகள் இதைக் கைப்பழக்கமாக்கிவிடுவார்கள். இரண்டாம் விருப்பு இட்டால் சீட்டு செல்லாது என்று எந்த மேடையில் எவர் சொன்னாலும், அன்றைய தினமே ஆணைக்குழுவின் பெயரில் மறுப்பு வெளிவர வேண்டும்.

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையே நீக்கப்பட வேண்டும் என்ற விவாதம் நாட்டில் நெடுங்காலமாக நடக்கிறது. அது பாராளுமன்றத்தின் பொறுப்பு. அந்த மாற்றம் வராத பட்சத்தில் 2029 இல் மீண்டும் இதே சீட்டு நம் கைக்கு வரும், அப்போதும் எவரும் பாதியைத் தாண்டாமல் போகலாம். தேர்தல் அறிவிப்புக்கும் வாக்களிப்புக்கும் இடையிலுள்ள சில வாரங்களில், கட்சிகளின் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே, இதைக் கற்பிக்க முடியாது. ஆண்டுதோறும் வாக்காளர் இடாப்பு மீளாய்வுக்காகக் கிராம உத்தியோகத்தர்கள் மக்களைத் தொடர்புகொள்ளும் வேளையிலேயே மாதிரிச் சீட்டு ஒன்றையும் கொடுத்து இந்த வேலையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விளக்கிச் சொல்ல ஆட்கள் தேவையென்றால், என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். பிரதேச செயலகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தால் போதும், கொடுப்பனவு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வடமராட்சி, யாழ்ப்பாண மாவட்டம்.