சின்னவள் போகப்போகும் வழி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. முழங்கால் நோவு கொஞ்சம் குறைந்ததா? பனங்காய்ப் பணியாரம் சுட்ட கதையை எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டு என் மனுசி இரண்டு நாளாக அதே பேச்சுத்தான். நான் பதில் எழுதப் பிந்தியதற்குக் காரணம் சின்னவள். இங்கே இங்கிலாந்தில் சொலிசிட்டராக வர எந்த வழியால் போவது என்று ஒரு மாதமாக வீட்டில் இதே யோசனை. நீ சட்டத்தரணி, உன் அப்பா பிரக்கிராசி. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

உங்கள் படலையில் தொங்கிய அப்பாவின் பெயர்ப்பலகை இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இலங்கையில் வாதாடும் அப்புக்காத்து, கட்சிக்காரரின் அலுவல் பார்க்கும் பிரக்கிராசி என்று இரண்டாக இருந்ததை 1974 இல் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி என்றார்கள். அப்பா பலகையை மாற்றவேயில்லை. இங்கிலாந்தில் அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. பாரிஸ்டர் வேறு, சொலிசிட்டர் வேறு. மாறியது சொலிசிட்டராகும் வழிதான். முன்பு சட்டப் பட்டத்துக்குப் பிறகு எல்.பி.சி என்ற படிப்பு, அதன்பின் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம். 2021 செப்டெம்பரில் எஸ்.கியூ.ஈ என்ற பொதுப் பரீட்சை வந்தது. சின்னவள் அதற்கு முன்பே, 2020 இல், பட்டப்படிப்புத் தொடங்கியவள் என்பதால் இரண்டில் எதையும் எடுக்கலாம். பழைய வழி 2032 முடிவோடு சரி.

அந்தப் பழைய வழி என்னை என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். 1998 இல் எல்.பி.சி முடித்துவிட்டுப் பயிற்சி ஒப்பந்தம் கேட்டு 41 இடங்களுக்கு எழுதினேன். ஒரே ஓரிடத்தில் கூப்பிட்டார்கள். பங்காளர் ஒருவர் கைகொடுத்து, ஒக்டோபரில் வந்து சேர் என்றார். செப்டெம்பரில் இரண்டு வரிக் கடிதம் வந்தது, இடமில்லை என்று. பரீட்சையில் தவறியிருந்தால் திரும்ப எழுதியிருப்பேன். ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் எதைத் திரும்ப எழுதுவது? அதற்குப் பிறகு லண்டன் ஹரோவில் ஒரு சின்ன அலுவலகத்தில் சொலிசிட்டர் ஒருவருக்குக் கீழே ஐந்து வருடம் உதவியாளராக இருந்தேன். எங்கள் சனங்களின் அகதி வழக்குகள், இரவிரவாக வாக்குமூலம் எழுதுவது. அந்த ஐந்து வருடத்தில் ஒரு நாளைக்கூடப் பயிற்சி என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

புதிய வழியில் எடுக்கிறார்கள், மச்சான். அதுதான் என் மனதைப் பிடித்தது. மொத்தம் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், ஆனால் அது ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. நான்கு இடங்கள் வரை சேர்க்கலாம். பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்ததும் சேரும். ஒரு சொலிசிட்டர் உறுதிப்படுத்திக் கையொப்பம் வைத்தால் போதும். நீ சீனியரிடம் ஆறு மாதம் பழகியது போலத்தான், ஆனால் சீனியர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

இந்த அனுபவத்தை எழுதி வைக்கச் சின்னவள் ஒரு நீலக் கொப்பி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததும் குசினி மேசையில் இருந்து அந்தக் கிழமை செய்ததை எழுதுவாள். கட்சிக்காரரின் பெயர் இராது, கோப்பு இலக்கம் மட்டும். 'குத்தகை வாசித்துக் குறிப்பு எழுதினேன், இரண்டாம் பந்தியைத் திருத்தச் சொன்னார்கள், ஏனென்றால்...' என்று போகும். ஓரத்தில் அவளுடைய மேலதிகாரியின் சிவப்பு மைக் கையெழுத்து. அந்தச் சிவப்பு மையைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் பரீட்சை லேசுப்பட்டதில்லை. முதற்பகுதி இரண்டு நாள், நாளுக்கு 180 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், பல ஏறக்குறையச் சரிபோலவே இருக்கும். மிகச் சரியானதைத் தெரிய வேண்டும். புத்தகம் பார்க்க முடியாது. ஒரு கேள்விக்கு 102 விநாடி. கைபேசியில் நேரம் வைத்து அவளோடு இருந்து பார்த்தேன். கேள்வியை வாசித்து முடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை. 2021 நவம்பரில் முதன்முதல் நடந்தபோது 53 வீதம் பேர்தான் சித்தியடைந்தார்கள். மூன்று தடவைதான் எழுதலாம், அதுவும் ஆறு வருடத்துக்குள். இரண்டாம் பகுதியில் 16 பயிற்சிகள்: 12 எழுத்து, 4 வாய்மொழி. கட்சிக்காரராக ஒரு நடிகர் வந்து முன்னால் இருப்பார். இரண்டு பகுதிக்கும் கட்டணம் மட்டும் ஐயாயிரம் பவுணுக்குக் கிட்ட, படிப்பிக்கும் செலவு வேறு. அவள் விசாரித்த எல்.பி.சி 16,000 பவுண்.

அவளுக்கு விருப்பம் அகதி வழக்குகள். பரீட்சையிலோ நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், காணி, உயில், கட்சிக்காரர் பணத்துக் கணக்கு எல்லாம் இருக்கிறது. குடிவரவுச் சட்டத்துக்கென்று ஒரு பாடம் இல்லை. இது வீண் என்று கோபப்பட்டாள். வீணில்லை என்றேன். அகதியாக வந்தவன் பிறகு வீடு வாங்குவான், உயில் எழுதுவான், அப்போதும் அவளிடம்தான் வருவான்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்ட பெரிய நிறுவனம் எதுவும் பயிற்சி ஒப்பந்தத்தோடு செலவையும் ஏற்றால் எடு, யோசிக்காதே என்றுதான் சொன்னேன். அப்படி ஒன்றும் கையில் இல்லாமல் எல்.பி.சிக்குக் காசு கட்டிவிட்டு யாரோ ஒருவரின் கடிதத்துக்காகக் காத்திருக்க விடமாட்டேன். கடைசியில் எஸ்.கியூ.ஈ என்று முடிவாகிவிட்டது. தை மாதம் முதற்பகுதி. அதுவரை கிழமைக்கு நான்கு நாள்தான் வேலை. அனுபவக் காலம் அந்த அளவுக்கு நீளும், பரவாயில்லை. பரீட்சைக்கு முதல் ஆறு கிழமை முழு விடுமுறை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சம்பளம் குறையும் என்று தயங்குகிறாள், அதை நான் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம், இன்னொரு விஷயம். இதை இன்னும் மனுசிக்கும் சொல்லவில்லை. போன ஞாயிறு சின்னவள் விதிகளை வாசித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "அப்பா, எல்.பி.சி முடித்தவர்கள் இரண்டாம் பகுதி மட்டும் எழுதி, வேலை அனுபவத்தைக் காட்டினால் போதுமாம். ஹரோ அலுவலகத்தில் இருந்த ஐந்து வருடத்துக்குக் கடிதம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டியை அன்றிரவே இழுத்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, சம்பளச் சீட்டுகள்கூட. எனக்கு 58 வயது. நீ என்ன சொல்கிறாய், மச்சான்? நேரே எழுது, மனம் நோகும் என்று பார்க்காதே.

அன்புடன்,
உன் கடைசி வாங்குத் தோழன்