ஓடைக்கொல்லையைப் போலவே ஓர் ஊர்

கால்கரி
கனடா
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. உறையின் மேல் மூன்று வாரத்துக்கு முந்தைய முத்திரை. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆடியில் எழுதியவன் ஐப்பசி பிறந்தும் ஒரு வரி போடவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவோடு போனில் பேசுவதால் வீட்டோடு பேசிவிட்ட மாதிரி இருந்துவிட்டேன். உங்களுக்குப் போனில் சரியாகக் காது கேட்பதில்லை என்று தெரிந்தும் எழுதாதது என் தப்பு. இனி மாதம் ஒரு கடிதம் கட்டாயம் வரும்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்று காலை மைனஸ் 19. வெளியே மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி விறைத்துக் குத்தும். சில நாள் மேற்கே மலைப்பக்கமிருந்து சினூக் என்று ஒரு வெதுவெதுப்பான காற்று வரும். காலையில் பாறையாக இறுகிக் கிடந்த பனி, சாயங்காலம் வாசலில் தண்ணீராக ஓடும். வீட்டுக்குள் எப்போதும் ஹீட்டர் உண்டு, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பனி கொட்டாத நாட்களில் பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்தே போகிறேன். உடம்புக்கும் நல்லது.

சாப்பாட்டுக்கும் குறையில்லை. பொன்னி அரிசி கிடைக்கிறது. அம்மா கொடுத்தனுப்பிய குழம்புப் பொடியை இன்னும் சிக்கனமாக வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன். நான் தரைக்குக் கீழே உள்ள அறையில் இருப்பதால் புளிக்குழம்பு கொதித்தால் வாசனை நேரே மேல்வீட்டுக்குப் போய்விடும். முதல் தடவை மேல்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டியபோது திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். கையில் கிண்ணத்தோடு நின்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவருக்கு ஒரு கிண்ணம். பதிலுக்குப் பைரோகி கொண்டுவந்து தருவார். நம்ம கொழுக்கட்டை மாதிரிதான், உள்ளே பூரணத்துக்குப் பதில் உருளைக்கிழங்கு மசியல், மேலே வதக்கிய வெங்காயம். அவருடைய அப்பா உக்ரைனிலிருந்து பிழைக்க வந்தவர்.

பெரியவருக்கு வயது 80 தாண்டிவிட்டது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து தன் வாசல், என் படி, பக்கத்து இரண்டு வீட்டு நடைபாதை எல்லாவற்றிலும் பனியைத் தள்ளிவிடுவார். நான் தள்ளுகிறேன் என்றால் விடமாட்டார். காரில் எந்நேரமும் கம்பளி, மெழுகுவத்தி, மண்வெட்டி இருக்கும். வழியில் பனியில் மாட்டிக்கொண்டால் உயிர் பிழைக்க வேண்டுமாம்.

அப்பா, அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை இங்கே அறுவடைக்கு நன்றி சொல்லும் பண்டிகை. அதற்கு முந்தின ஞாயிறு, தான் பிறந்து வளர்ந்த ஊரைக் காட்டுகிறேன் என்று பெரியவர் என்னைக் கூட்டிப்போனார். ஊர் பெயர் டிரம்ஹெல்லர். கால்கரிக்கு வடகிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். சுமார் 8,000 பேர் உள்ள சின்ன ஊர். அதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

வழி முழுக்கத் தட்டை. கோதுமை அறுத்த தாள்தான் கண்ணுக்கு எட்டியவரை, நடுநடுவே உருட்டிவைத்த வைக்கோல். ஊர் நெருங்கும் அறிகுறியே இல்லை. திடீரென்று சாலை கீழே இறங்கியது. இரண்டு பக்கமும் கரை கரையாக அரித்த மண்மேடுகள். சாம்பல் ஒரு வரி, பழுப்பு ஒரு வரி, நடுவில் நிலக்கரி கறுப்பாக ஒரு வரி. புல் பூண்டு முளைக்காத மண். அப்பா, சத்தியமாகப் பெரம்பலூர்ப் பக்கம் நம்ம காரை ஊர் ஓடைகள்தான்! நம்ம ஓடைக்கொல்லை நிலத்துக்குத் தெற்கே இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படியே.

போகும் வழியில் ஹார்ஸ்ஷூ பள்ளத்தாக்கு என்ற இடத்தில் நிறுத்தி இறங்கினோம். காய்ந்த களிமண் பொரிபொரியாக வெடித்துக் கிடந்தது. முந்தின இரவு மழை பெய்திருந்ததால் பள்ளத்தில் நிழல் விழுந்த பக்கம் சேறு. மிதித்ததும் வழுக்கி, செருப்போடு ஒட்டிக்கொண்டு கனமாகிவிட்டது. மழைக்காலத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது நம் காலில் ஏறுமே, அதே மாதிரி. குனிந்து அந்தச் சேற்றை ஒரு குச்சியால் வழித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, அந்த மேட்டைத் தாண்டி நீங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்று தோன்றிவிட்டது. அழுதுவிட்டேன். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இதை அம்மாவிடம் படித்துக்காட்ட வேண்டாம்.

அங்கே ராயல் டிரெல் மியூசியம் என்று பெரிய காட்சியகம் இருக்கிறது. 1884-ல் ஜோசப் டிரெல் என்ற 25 வயது ஆள் நிலக்கரி தேடி வந்தபோது, கரையில் ஒரு மண்டையோடு கண்ணில் பட்டது. 7 கோடி வருஷம் பழைய டைனோசர். அதற்கு 1905-ல் ஆல்பர்டோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆல்பர்டா மாகாணம் உருவானதும் அதே வருஷம்தான். டிரெல் பெயரிலேயே 1985-ல் இந்தக் காட்சியகத்தைத் திறந்தார்கள். அடுத்தடுத்து எலும்புக்கூடுகள், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆனால் நான் அதிக நேரம் நின்றது வேறு ஒன்றின் முன்னால். 2011-ல் வடக்கே எண்ணெய்மணல் தோண்டும் சுரங்கத்தில், மண்வாரி இயந்திரம் ஓட்டியவர் கண்ட ஒரு டைனோசர். எலும்பாக அல்ல, தோலும் செதிலுமாக, தூங்குகிற மிருகம் மாதிரியே கல்லாகிக் கிடக்கிறது. 11 கோடி வருஷத்துக்கு முன்னால் செத்து, மிதந்து, கடலடியில் புதைந்ததாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய அந்தக் காலத்தில் நம்ம காரையும் கடல்.

நம்ம ஓடையில் கிடக்குமே, கடல் பிராணியின் சுருள் ஓடு கல்லாகிப்போன நத்தைக்கல், அதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் டவுசர் பை கிழிய அள்ளிக்கொண்டு வருவேனே, அதே சுருள். பெரியவரிடம் சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றிச் சொன்னேன். 18 மீட்டர் நீளம், 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் கண்டு எழுதியது, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம் என்றேன். அவர் நம்பாத மாதிரி பார்த்தார். போனில் படத்தைக் காட்டியதும் எழுந்து கை கொடுத்தார்.

ஊர் நடுவில் 26 மீட்டர் உயரத்துக்கு ஒரு டைனோசர் பொம்மை நிற்கிறது. உள்ளே 106 படி ஏறி வாய்க்குள் நின்று ஊரைப் பார்க்கலாம். டிக்கெட் உண்டு. எனக்குக் கீழிருந்து பார்த்ததே போதும் என்று இருந்துவிட்டேன். ஆறு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு குட்டித் தேவாலயமும் இருக்கிறது, பாப்பாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். ஆற்றோரமாகத் தென்கிழக்கே போனால் ஹூடூ என்று மண்தூண்கள். அடியில் உள்ள மணல்கல் கரைந்துபோக, உச்சியில் உள்ள கெட்டிப் பாறை மட்டும் தொப்பி மாதிரி நிற்கிறது. சும்மாட்டின் மேல் கூடை வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நிற்பது போலவே இருந்தது.

அதையும் தாண்டி ஈஸ்ட் கூலி என்ற இடத்தில் அட்லஸ் நிலக்கரிச் சுரங்கம். நிலக்கரியைச் சலித்துப் பிரிக்கும் மரக்கட்டடம் ஏழு மாடி உயரத்துக்கு இன்னும் நிற்கிறது. பெரியவரின் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். இவர் சின்ன வயசில் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய்க் கொடுப்பாராம். 1911-லிருந்து 1979 வரை அந்தப் பள்ளத்தாக்கில் 139 சுரங்கங்கள் பதிவாகியிருந்தன. 1947-ல் இதே மாகாணத்தில் லெடுக் என்ற ஊரில் எண்ணெய் கிடைத்த பிறகு வீடுகளில் கரிக்குப் பதில் எரிவாயு வந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. வேன் என்ற இடத்துக்குப் போகும் வழியில் 6 கிலோமீட்டருக்குள் 11 பாலம், ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஓட்டினார். ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்த ஊராம். இப்போது சில பத்துப் பேர். "இங்கே என் சிநேகிதன் வீடு, இங்கே பள்ளிக்கூடம்" என்று அவர் கை காட்டிய இடத்திலெல்லாம் புல்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ஓடைக்கொல்லை ஞாபகம்தான் எனக்கு. சித்தப்பா சொல்வதைக் கேட்டு அதைக் குவாரிக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்களே, தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். பாப்பா கல்யாணம் தையில்தான். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வானம் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தோண்டின பிறகு அந்த இடத்தில் நிற்க நமக்கு ஒரு வரப்புகூட இருக்காது. மண்டபத்துக்கு முன்பணம் நான் அனுப்புகிறேன். மாதப் பணம் இந்த முறை 10-ம் தேதிக்குப் பதில் 25-ம் தேதி வரும். கிடங்கில் ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. டிசம்பரில் கூடுதல் வேலை இருக்கும் என்கிறார்கள்.

அம்மாவின் சங்கிலிக்குக் கூட்டுறவு வங்கியில் மார்கழிக்குள் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும், ரசீது பீரோவில் நீலப் பைக்குள் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வண்டி கேட்டால், அண்ணன் வந்து பேசுவான் என்று மட்டும் சொல்லுங்கள். டிக்கெட் விலை குறைந்தால் தைக்கு வந்துவிடுவேன். சித்தப்பா பட்டாவைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நகல் எடுத்துக் கொடுத்தால் போதும்.

பரண்மேல் என் நத்தைக்கல் டின் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய சுருள் ஒன்று இருக்கும், ஓரம் கொஞ்சம் உடைந்தது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கண்ணாடியை மாற்றினீர்களா என்று எழுதவில்லையே?

உங்கள் அன்பு மகன்
குமார்