கேபிளை முதலில் பார், ராசா

அம்பாசமுத்திரம்
ஐப்பசி 22

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டிவலிதான் மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. பழைய கேமரா ஒன்று வாங்கினாயாம், லேப்டாப்பில் செருகினால் வரவே இல்லையாம். "செத்த கேமராவை என் தலையில கட்டிட்டான்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். போனிலேயே சொல்லியிருப்பேன். நீ ஒரு கையில் தோசைக்கரண்டியோடு பேசிக்கொண்டிருந்தாய், காதில் ஏறியிருக்காது. அதனால்தான் கடிதம்.

போன ஐப்பசியில் என் கேமராவையும் நான் செத்துப்போனது என்றுதான் நினைத்தேன். உன்னிடம் சொல்லாத கதை அது. சொன்னால் ராத்திரி விழித்திருந்து ரிமோட்டில் வந்து பார்ப்பாய், காலையில் வேலைக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு எதற்கு என்று நானே மூன்று நாள் மல்லுக்கட்டினேன். என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுத் தந்தவன் நீ. நாள் முழுக்க சர்வர்களை மேய்க்கிறவனுக்கு ஒரு கேமராவைக் கட்டத் தெரியவில்லையே என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். சர்வரில் யார் கேமரா மாட்டுகிறார்கள், அது உன் தப்பில்லை.

லேபில் பிள்ளைகளிடம் வருஷாவருஷம் தொண்டை வறளக் கத்துவேனே, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று என்று, அது இங்கேயும் பொருந்தும். கேபிளையும் போர்ட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. நான் முதல் நாள் அதைத்தான் செய்தேன். டீச்சர் பரீட்சை எழுதினால் இப்படித்தான்.

முதலில் கேபிள். கேமராவின் வாய் பழைய மினி வகை. கூடவே வந்த கேபிள் எங்கேயோ தொலைந்துபோக, பஜாரில் ஒரு கடையில் வாங்கி வந்தேன். வாய் கச்சிதமாகப் பொருந்தியது, ஆனால் லேப்டாப்பில் ஒன்றுமே அசையவில்லை. இரண்டு நாள் கழித்து, வேறு கேபிளில் கேமரா வந்த பிறகு, ஆத்திரத்தில் அந்தப் புதுக் கேபிளை நகவெட்டியால் வெட்டிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். கரண்டு மட்டும் போகிற கேபிள். ஏதோ சின்ன ஸ்பீக்கருக்குச் சார்ஜ் போடச் செய்தது போலிருக்கிறது. நல்ல கேபிளில் பச்சையும் வெள்ளையும் சேர்ந்து நான்கு இருக்கும், தகவல் போய்வருவது அந்த இரண்டின் வழியாகத்தான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. அதனால், கடைக்காரர் கேமரா கேபிள் என்று சொன்னாலும், உன் ஊரிலும், சந்தேகப்படு.

கேபிள் சரியா என்று வெட்டாமலே பார்க்கலாம். யுஎஸ்பியில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பட்டியல் போடும் கட்டளை எல்எஸ்யுஎஸ்பி. கேமராவை ஆஃப் செய்து வைத்து அதை ஒரு தடவை அடி, ஆன் செய்துவிட்டு இன்னொரு தடவை அடி. எந்த வரி புதிதாக வந்தது என்று பார். நடுவில் ஒரு எண் இருக்கும், கேனன் என்றால் 04ஏ9 என்று தொடங்கும், நிக்கான் என்றால் 04பி0, சோனி என்றால் 054சி. அந்த வரி வந்துவிட்டால் கேபிளும் போர்ட்டும் கேமராவும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். நீ "செத்த கேமரா" என்றாயே, இந்த வரியைப் பார்த்துவிட்டுச் சொன்னாயா, பார்க்காமல் சொன்னாயா? வரி வராவிட்டால் டிமெசெக்கை, அதாவது சிஸ்டம் தனக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்பை, திறந்து வைத்துக்கொண்டு செருகிப் பார். மைனஸ் 71 என்ற பிழை எண் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் கேபிளோ போர்ட்டோ நடுவில் மாட்டியிருக்கும் ஹப்போதான் காரணம். ஹப்பை எடுத்துவிட்டு நேராகச் செருகு. ஒன்றுமே வராவிட்டால் என்னுடையது போல இரண்டு கம்பிக் கேபிளாக இருக்கலாம்.

அப்புறம் ஒன்று. நீ லேப்டாப்பில் பென் டிரைவ் மாதிரி ஒரு டிஸ்க் வரும் என்று தேடியிருப்பாய், உன் பழக்கம் அது. பல கேமராக்கள் டிஸ்காக வராது. பிடிபி என்று ஒரு முறை, ஐஎஸ்ஓ 15740 என்று அதற்கு எண் கூட உண்டு. அதில் கம்ப்யூட்டர் கார்டைத் தானே திறந்து பார்ப்பதில்லை. என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கும், கேமரா பட்டியல் சொல்லும், இதைக் கொடு என்றால் கொடுக்கும். கடையில் நாமே உள்ளே போய் எடுக்க முடியாமல், கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்டு வாங்குகிற மாதிரி. லினக்ஸில் அந்தக் கேள்வி கேட்கிற வேலையைச் செய்வது லிப்ஜிஃபோட்டோ2 என்ற நிரல் தொகுப்பு. 2,500-க்கும் மேற்பட்ட கேமராக்களோடு பேசத் தெரிந்தது அது. டிஜிகேம் மாதிரி நிரல்களும் கேமராவோடு பேச அதைத்தான் கூப்பிடுகின்றன. நீ ஜிஃபோட்டோ2 என்ற கட்டளையைப் போட்டுக்கொள், போதும். ஆட்டோ டிடெக்ட் என்று கேட்டால் கேமராவின் பெயரைச் சொல்லும்.

எனக்குப் பெயரைச் சொன்னது. படத்தை எடு என்றால் மட்டும் மைனஸ் 53, சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்று சண்டை போட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. மறுநாள் காலையில்தான் புரிந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் தெருக் குழாயடியில் ஒருத்தி விடியற்காலையிலேயே குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள், நினைவிருக்கிறதா? குடம் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள், தண்ணீரும் பிடிக்கமாட்டாள், நாமும் பிடிக்க முடியாது. அதே கதை. கேமராவைச் செருகிய நொடியில் டெஸ்க்டாப் தானே போய் அதைப் பிடித்துக்கொள்கிறது, படங்களை ஃபைல் மேனேஜரில் காட்டுவதற்காக. ஜிவிஎஃப்எஸ் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேமராவோடு பேசலாம், அதனால் ஜிஃபோட்டோ2 வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஃபைல் மேனேஜரில் கேமராவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எஜெக்ட் குறியை அழுத்து, குடம் நகர்ந்துவிடும். நீ டெர்மினல்காரன், ஜிவிஎஃப்எஸ்-ஜிஃபோட்டோ2 என்று தொடங்கும் பிராசஸைக் கொன்றுவிட்டால்தான் உனக்குத் திருப்தி. அதையும் செய்யலாம், ஆனால் கேமராவைக் கழற்றி மாட்டினால் திரும்ப வந்து உட்காரும்.

இந்த இடத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எதற்கெடுத்தாலும் சூடோ, அதாவது நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடு என்ற கட்டளை, போட்டேன். படமெல்லாம் வந்தது, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் குட்டிப் பூட்டோடு. எல்லாவற்றுக்கும் ரூட் என்ற அந்த நிர்வாகிதான் சொந்தக்காரர், என் படத்தை நானே திருத்த முடியவில்லை. சொந்தக்காரரை மாற்றும் சௌன் கட்டளை போட்டு மீட்டேன். சூடோவோடு வந்து, அது இல்லாமல் வராவிட்டால் அது அனுமதிச் சிக்கல், கேமராவின் சிக்கல் இல்லை. எந்தச் சாதனத்தை யார் தொடலாம் என்று சொல்லும் யுடெவ் விதிகளைப் பார், எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, நீயே எனக்குச் சொன்ன பாடம் அது. லினக்ஸை வேறொரு சிஸ்டத்துக்குள் விர்ச்சுவலாக ஓட்டுகிறாய் என்றால் கேமராவை உள்ளே அனுப்பினாயா என்றும் பார்த்துக்கொள்.

கார்டு ரீடர் வாங்கிவிடலாம் என்று நீ சொன்னதும் தப்பில்லை. படத்தை எடுப்பதற்கு மட்டும் என்றால் அதுதான் வேகம், எனக்கும் ஒன்று இருக்கிறது. ஆனால் நான் கம்பியை விடாததற்குக் காரணம் பின்வாசலில் இருக்கிற செங்காந்தள். கண்வலிப்பூ என்பாள் பால்காரம்மா. மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து இருக்கும், விரிந்தபின் இதழ்கள் மேல்நோக்கி வளையும், மஞ்சளாகி, நாளாக நாளாகச் சிவப்பாகும், ஓரமெல்லாம் அலை அலையாக. வகுப்பில் இதைப் படம் போட்டுத்தான் நடத்துவேன். நிறம் மாறுவதை ஒரு நாள் முழுக்கப் பார்த்தது நானும் இல்லை. தொட்டியைத் திண்ணைக்கு இழுத்து வைத்தேன். ஜிஃபோட்டோ2-இல் 900 நொடிக்கு ஒரு படம் எடுத்து நேராக லேப்டாப்புக்கு அனுப்பு என்று சொல்லலாம். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை 49 படம். கார்டு ரீடரால் அது ஆகுமா?

முதல் நாள் 11 படத்தோடு நின்றுவிட்டது, லேப்டாப் தூங்கிப்போனதால். தூக்கத்தை நிறுத்தினேன். இரண்டாம் நாள் பேட்டரி. கரண்டில் ஓடும் பொய் பேட்டரி ஒன்று கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாள் மழையில் கரண்டே போனது. லேப்டாப்புக்குப் பேட்டரி இருந்தது, கேமராவுக்கு இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் இன்வர்ட்டர் பாயிண்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார்.

கேமராவின் மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்து. இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கில் படம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பாதியில் கண்ணை மூடிக்கொள்ளும். அப்படி அறுந்தால் முதலிலிருந்து இறக்க வேண்டாம், ஏற்கெனவே இருப்பதைத் தாண்டிப் போ என்று சொல்ல ஒரு வழி உண்டு, ஸ்கிப் எக்சிஸ்டிங். வைஃபை உள்ள கேமரா என்றால் அதை அணைத்துப் பார். சில மாடல்களில் வைஃபை ஆனில் இருந்தால் கம்பி வழி வேலை செய்யாது. யுஎஸ்பி என்ற மெனு இருந்தால் அதையும் திற. பிசி ரிமோட் என்ற நிலையில் வைத்திருந்தால் சில கேமராக்கள் கார்டில் உள்ளதைக் காட்டாது. முன்னால் வைத்திருந்தவர் எப்படி வைத்துவிட்டுப் போனாரோ.

இறக்கும்போது பெயரையும் கவனி. படத்தின் எண் 9999 தாண்டினால் கேமரா மறுபடியும் 0001 என்று தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் பழையதை அழிக்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று அடித்துவிடாதே. நான் அடித்தேன். நம் வீட்டுக் கொலுவின் ஏழு படிகளில் நான்கு படி படம் போனது அப்படித்தான். இப்போது எடுத்த தேதியும் நேரமும் பெயராக வரும்படி வைத்திருக்கிறேன்.

உன் கேமராவின் மாடலை நீ சொல்லவே இல்லை. எல்எஸ்யுஎஸ்பி-யில் வரும் அந்த ஒரு வரியைப் படம் பிடித்து அனுப்பு, நான் பார்க்கிறேன். மினி வாய் என்றால் என்னிடம் இன்னொரு நல்ல கேபிள் இருக்கிறது. அடுத்த மாசம் ஊருக்கு வந்துபோகிற உன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்புகிறேன், அதோடு கருவேப்பிலைப் பொடியும்.

செங்காந்தள் படங்கள் 49-ஐயும் தனியாக அனுப்பியிருக்கிறேன். வரிசையாக ஓட்டிப் பார். 31-ஆவது படத்தில் ஒரு கட்டெறும்பு இதழ் ஓரத்தில் ஏறுகிறது, 32-இல் இல்லை. எங்கே போனது என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா