சுதந்திராக் கட்சி இன்று பிறக்க முடியாது: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29ஏ பிரிவின் ஐந்தாம் உட்பிரிவிலிருந்து 'சோஷலிசம்' என்ற ஒரே ஒரு சொல்லை நீக்கக் கோரி இம்மடலை எழுதுகிறேன். தேர்தல் ஆணையத்தில் பதிவு பெற விரும்பும் எந்தக் கட்சியும் அரசமைப்புச் சட்டத்தின்மீதும், சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகளின்மீதும் உண்மையான பற்றுக் கொண்டிருப்பதாகத் தன் விதிகளில் எழுதித் தர வேண்டும் என்கிறது அந்த உட்பிரிவு. 1989 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அது. அதன்படி, சோஷலிசத்தை ஏற்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் இந்நாட்டில் ஒரு கட்சியைப் பதிவு செய்ய வழியில்லை. அவ்வாறு வெளிப்படையாகச் சொன்ன சுதந்திராக் கட்சி நம் சென்னையில்தான் தொடங்கியது என்பதால், இந்தக் கோரிக்கையை முதலில் உங்களிடம் வைக்கிறேன்.

1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவு முறையிலான கூட்டுப் பண்ணையே இந்திய வேளாண்மையின் எதிர்கால அமைப்பு என்று தீர்மானம் நிறைவேற்றியது. குண்டூர் மாவட்டத்து உழவர் தலைவரான என்.ஜி.ரங்கா அதை எதிர்த்துக் காங்கிரசை விட்டு வெளியேறினார். கவர்னர் ஜெனரலாகவும் சென்னையின் முதலமைச்சராகவும் இருந்து, 80 வயதைக் கடந்துவிட்ட ராஜாஜி, அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். ரங்கா தலைவரானார், ஒருகாலத்தில் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை நிறுவியவர்களில் ஒருவராயிருந்து, பின்னர் அக்கொள்கையைக் கைவிட்ட மினு மசானி பொதுச் செயலாளரானார். உழுபவன் நிலம் அவனிடமே இருக்க வேண்டும், தொழில் தொடங்க அரசு அலுவலக வாசலில் உரிமத்துக்காகக் காத்துக் கிடக்கும் நிலை ஒழிய வேண்டும், அரசமைப்புச் சட்டம் தந்த சொத்துரிமையைத் திருத்தங்களால் கரைக்கக் கூடாது என்பவை அவர்களுடைய வாதங்கள். 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்ற தொடரை நாடெங்கும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ராஜாஜிதான்.

அக்கட்சியின் 21 அடிப்படைக் கொள்கைகளில் கடைசிக் கொள்கையை உறுப்பினர்கள் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். முந்தைய கொள்கைகளில் அடங்காத எந்தப் பொருளிலும் ஒவ்வொரு உறுப்பினரும் தம் கருத்துப்படி நடக்க முழு உரிமை உண்டு என்று அது உறுதியளித்தது. கொறடாவின் ஆணைக்கு அப்பால் வாய் திறக்க இயலாத இன்றைய அவையில் அமர்ந்திருக்கும் உங்களுக்கு, அந்த வரியின் அருமை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

1962-இல் முதல் தேர்தலைச் சந்தித்த அக்கட்சி மக்களவையில் 18 இடங்களைப் பெற்றது. 1964-இல் வந்த 17-ஆவது அரசமைப்புத் திருத்தம் ஜமீன் நிலங்களை அரசு எடுத்துக்கொள்வதற்கென வகுத்த விதியை, உழவர்களே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் இரயத்துவாரிப் பட்டா நிலங்களுக்கும் விரித்தபோது, தென்னாட்டுக் குடியானவர்களின் சார்பில் அதைக் கடுமையாக எதிர்த்தது. 1967-இல் 44 இடங்களுடன் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக மக்களவையில் அமர்ந்தது. ஒடிசாவில் ஆர்.என்.சிங் தேவ் தலைமையில் கூட்டணி ஆட்சி அமைத்தது. இங்கே அண்ணாவின் தி.மு.க.வோடு கைகோத்து நட்சத்திரச் சின்னத்தில் 20 சட்டமன்ற இடங்களை வென்றது. பொருளாதாரக் கொள்கையில் அவ்விரு கட்சிகளும் வெவ்வேறு திசைகளில் நின்றவை. ஒரே கட்சி நாட்டை ஆள்வது நாட்டுக்கு ஆகாது என்ற எண்ணம் மட்டுமே அவற்றைச் சேர்த்தது. அதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

வீழ்ச்சியின் காரணங்களை நான் மறைக்க விரும்பவில்லை. அடிமட்டத் தொண்டர் படையை வளர்க்கப் பொறுமையில்லாமல், ராஜஸ்தான், பீகார், ஒடிசா போன்ற இடங்களில் பழைய சமஸ்தானாதிபதிகளின் செல்வாக்கை அக்கட்சி கடன் வாங்கியது. பீகாரில் ராம்கர் ராஜா வந்தபோது கட்சி ஒரே நாளில் வளர்ந்தது; அவர் காங்கிரசுக்குப் போனபோது அதே வேகத்தில் தேய்ந்தது. பட்டா நிலம் உள்ள உழவனுக்குப் பரிந்து பேசியவர்கள், நிலமே இல்லாத கூலியாளிடமும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடமும் சொல்வதற்கு ஏதும் வைத்திருக்கவில்லை. இதை நான் அக்கட்சியின் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன். ஆகவே 1969-இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கி, அடுத்து முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தில் இந்திரா காந்தி கைவைத்தபோது, சொத்துரிமை குறித்த நியாயமான வாதம்கூட அரண்மனைகளுக்கான வக்காலத்தாகவே மக்கள் காதில் விழுந்தது. 1971-இல் நான்கு கட்சிகளின் பெருங்கூட்டணியில் சேர்ந்தும் எட்டு இடங்களே மிஞ்சின, மசானியும் தோற்றார். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974-இல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கட்சி கரைந்தது. பிறப்பிலிருந்து முடிவு வரை 15 ஆண்டுகள்.

அந்த முடிவை எழுதியவர்கள் வாக்காளர்கள். அதில் முறையிட எதுவுமில்லை. ஆனால் அதே கொள்கையோடு இன்னொரு கட்சி எழுந்து அதே வாக்காளர்களிடம் போவதை 1989 முதல் சட்டமே தடுக்கிறது. பதிவு பெறாத அமைப்பின் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகத்தான் நிற்க முடியும். அவர்களுக்குப் பொதுச் சின்னம் கிடைக்காது. சுதந்திராக் கட்சியின் மகாராஷ்டிரப் பிரிவில் எஞ்சியவர்கள் கட்சிக்கு மீண்டும் உயிர்கொடுக்க முயன்றபோது இந்த உறுதிமொழியில்தான் முட்டி நின்றார்கள். பொய்யாகச் சத்தியம் செய்ய மனமில்லாமல் அவர்கள் மும்பை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள்.

இந்தச் சொல்லால் சோஷலிசம் காக்கப்பட்டதா என்றால், அதுவும் இல்லை. 1991-க்குப் பிறகு தொழில் உரிம முறையை ஒழித்தும் பொதுத்துறைப் பங்குகளை விற்றும் வந்த கட்சிகள் எல்லாம் இதே உறுதிமொழியைத் தந்தவைதாம். தந்த உறுதிமொழியைக் காப்பாற்றினீர்களா என்று எந்தக் கட்சியிடமும் யாரும் கேட்டதில்லை. நேர்மையாகத் தயங்கியவர்கள் மட்டுமே வெளியே நிற்கிறார்கள். சோஷலிசம் என்றால் மக்கள் நல அரசு என்றுதான் பொருள், எந்தக் குறிப்பிட்ட பொருளாதாரக் கொள்கையையும் அது அரசின்மேல் திணிக்கவில்லை என்று 2024 நவம்பரில் அரசமைப்பு முகவுரை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருப்பதைச் சிலர் எனக்குச் சுட்டிக்காட்டக்கூடும். அவ்வாறு பொருள் விரிந்த சொல் முகவுரையில் இருப்பது வேறு. ஒரு கட்சி பிறப்பதற்கான நிபந்தனையாக இருப்பது வேறு. கொள்கை ஏதும் திணிக்கப்படவில்லை என்றால், அந்த நிபந்தனைக்குத் தேவையும் இல்லை.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர் கே.டி.ஷா அரசமைப்புச் சட்டத்திலேயே 'சோஷலிச' என்ற சொல்லைச் சேர்க்கக் கோரியபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. சமூகமும் பொருளாதாரமும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மக்களே முடிவு செய்ய வேண்டும், அதைச் சட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைப்பது ஜனநாயகத்தையே அழிப்பதாகும் என்று அவர் வாதிட்டார். அவர் சோஷலிசத்துக்குப் பகைவர் அல்லர் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்களில் பலர் சமதர்மத்தில் உறுதியான நம்பிக்கை உள்ளவர்கள். அந்த நம்பிக்கையைக் கைவிடுமாறு நான் கேட்கவில்லை. மதச்சார்பின்மை, ஜனநாயகம் என்ற சொற்களையோ, அரசமைப்புச் சட்டத்தின்மீதான பற்றுறுதியையோ தொடவும் வேண்டாம். மாநிலங்களவை உறுப்பினராயிருந்த உழவர் தலைவர் சரத் ஜோஷி, இந்த ஒரு சொல்லை நீக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. உங்களில் ஒருவர் அத்தகைய மசோதாவை வரும் கூட்டத்தொடரில் மீண்டும் முன்வைக்க வேண்டும் என்றும், மற்றவர்கள் கட்சி வேறுபாடு பாராமல் அதற்கு ஆதரவாகப் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்