யார் பக்கத்திலிருந்து வந்தது?

அன்பு மகளுக்கு,

மரபியல் பாடம் தலைக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது, டிரைசோமி (ஒரு குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது) 13, 18, 21 எல்லாம் குழம்புகிறது என்று எழுதியிருந்தாய். 13 படாவ், 18 எட்வர்ட்ஸ், 21 டவுன். பெண்ணுக்கு ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம் இருந்தால் டர்னர், ஆணுக்கு எக்ஸ் ஒன்று கூடினால் கிளைன்ஃபெல்டர். நாலு முறை எழுதிப் பார்த்தால் நின்றுவிடும். ஆனால் வார்டில் உன்னிடம் யாரும் இதைக் கேட்கப் போவதில்லை. அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்வி, "இது யார் பக்கத்திலிருந்து வந்தது, சிஸ்டர்?" என்பதுதான். கேட்பது வீட்டுப் பெரியவர் யாராவதாக இருக்கும். குழந்தையைப் பெற்றவள் பக்கத்தில் பேசாமல் நிற்பாள். அவளுக்காகத்தான் இந்தப் பாடத்தை நீ ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 குழந்தைகளில் சுமார் 95 பேருக்குக் காரணம், கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் ஜோடி பிரியாமல் போனதுதான். பெரும்பாலும் இது கருமுட்டையில் நடக்கிறது. அவள் சாப்பிட்டதாலோ, வேலை செய்ததாலோ, அழுததாலோ வந்ததல்ல. பரம்பரையும் அல்ல. இதை அவள் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல். வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பது உண்மை: 25 வயதில் ஏறக்குறைய 1,250இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று. ஆனாலும் இளம் தாய்மார்தான் அதிகம் பிள்ளை பெறுகிறார்கள் என்பதால், இந்தக் குழந்தைகளில் பலரும் 35க்குக் கீழே உள்ளவர்களுக்கே பிறக்கிறார்கள். வயதைக் காட்டி யாரையும் குத்தவிடாதே.

சரி, குழந்தையைப் பார்த்தாலே தெரிகிறதே, பிறகு எதற்குக் கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் சோதனை) என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. 100இல் மூன்று நான்கு பேருக்கு அந்தக் கூடுதல் 21, வேறொரு குரோமோசோமோடு, பல நேரம் 14ஓடு, ஒட்டியிருக்கும். அப்படியானால் பெற்றோர் இருவருக்கும் பரிசோதனை தேவை. அவர்களில் ஒருவர் 45 குரோமோசோமோடு, எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அடுத்த கர்ப்பத்துக்கான கணக்கே அங்கே மாறிவிடும்.

தலசீமியா என்ற ரத்த நோய் மாதிரி, தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு மரபு நோய்களில் 'யார் பக்கம்' என்ற பேச்சுக்கே இடமில்லை, இரண்டு பக்கமும்தான். இங்கே குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம் என்பதைக் கவனமாகச் சொல். "ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்" என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25தான். அவர்கள் கணக்கைத் திருப்பிச் சொல்லும்வரை விடாதே.

கஷ்டமான இடம் ஹீமோபிலியாவும் (ரத்தம் சரியாக உறையாத நோய்) டுஷேனும் (தசை நலிவு நோய்). அங்கே மரபணு தாய் வழியாக வந்திருக்கலாம். பொய் சொல்லாதே. ஆனால் தனியே உட்காரவைத்துச் சொல். மாற்றமடைந்த மரபணு ஒன்றிரண்டாவது சுமக்காத மனிதர் இல்லை, எது தன்னிடம் இருக்கவேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல். ஹீமோபிலியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாக வருவது என்பதும் நினைவிருக்கட்டும். கேரியர் ரிசல்ட், அதாவது அந்த மரபணுவைச் சுமக்கிறாளா என்ற முடிவு, அவளுடையது. அவள் சம்மதிக்காமல் கணவருக்கும் சொல்லக் கூடாது.

பேச்சோடு கண்ணும் கையும் வேலை செய்யவேண்டும். டவுன் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். பால் குடிக்கும்போது மூச்சிரைக்கிறதா, வியர்க்கிறதா என்று பார். பச்சையாக வாந்தி எடுத்தால் காத்திராமல் டாக்டரைக் கூப்பிடு. பிறந்த பெண் குழந்தையின் பாதம் புஸ்ஸென்று வீங்கியிருந்தால் டர்னரை நினை, தொடையில் நாடி பிடித்துப் பார். நாடி பலவீனமாக இருந்தால் மகாதமனி குறுகியிருக்கலாம்.

அப்புறம், அந்தக் குடும்ப மர அசைன்மென்ட். மூன்று தலைமுறை கேள். கலைந்த கர்ப்பங்களையும் இறந்து பிறந்தவற்றையும் கேட்காமல் விடாதே, சமநிலை இடமாற்றம் (குரோமோசோம் துண்டு இடம் மாறியும் ஆளுக்குக் குறை தெரியாத நிலை) பல நேரம் அங்கேதான் பிடிபடும். சொந்தத்தில் திருமணம் என்றால் தம்பதியை இணைக்க இரட்டைக் கோடு. வரைந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா