டிக்கெட்டை இப்போதே எடு, மலர்

மியூனிக்
18 ஜனவரி 2026

அன்புள்ள மலர்,

தீபாவளிக்கு நீ எழுதிய அத்தனை நீளக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு இருமல் விட்டுவிட்டது. மெஸ் ராணி அக்கா பாட்டியாகிவிட்டாராமே, கேட்டதும் அந்த ரசம்தான் ஞாபகம் வந்தது.

சரி, மே மாதம் நீங்கள் இங்கே சுற்றிப் பார்க்க வருகிறீர்களே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சுகந்திக்குத் திடீரென்று ஆபரேஷன். இப்போது நன்றாக இருக்கிறாள், பயப்படாதே. காலையில் போன் வந்தது, மத்தியானம் பெர்லின் ரயிலில் இருந்தேன். அன்றைக்கே எடுத்த டிக்கெட், ஒரு வழிக்கு மட்டும் 150 யூரோவுக்கு மேல். பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் இரண்டு மாதம் முன்னால் அதே ரயிலுக்கு 22 யூரோ கொடுத்திருந்தாள். சுகந்திக்காக எவ்வளவும் கொடுப்பேன், அது வேறு. ஆனால் போகிற நான்கு மணி நேரமும் உன் கடிதத்தில் இருந்த ஒரு வரியே மனதில் ஓடியது: "ரயில்தானே, அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்." அதைத்தான் செய்யக் கூடாது. இங்கே வேக ரயில்கள் விமானம் மாதிரி. மலிவு டிக்கெட் கொஞ்சம்தான் வைப்பார்கள், அது தீரத் தீர விலை ஏறும். நீங்கள் ஐந்து பேர். மே மாதம் என்பது ரொம்பப் பக்கம்.

பாலு சொல்கிற யூரெயில் பாஸ், அதான் பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸ், உங்களுக்கு வேண்டாம். நாளுக்கு ஓர் ஊர் என்று நினைத்தபடி சுற்றுகிறவர்களுக்கு அது நல்ல பொருள். உங்களுக்கோ தேதி நிச்சயம், பெரிய பயணம் நான்கே நான்கு. அதோடு, பாஸில் 11 வயது வரைதான் பிள்ளைகளுக்கு இலவசம். கவினுக்கு 12 ஆகிவிட்டதே! ஜெர்மனி ரயிலில் அப்பா அம்மாவோடு வந்தால் 14 வயது வரை காசு கிடையாது. ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துவிட வேண்டும், மறந்துவிடாதே. இருக்கை ரிசர்வேஷனுக்குத் தனிக் காசு. முன்பு அதற்குக் குடும்பத்துக்கு ஒரே கட்டணம் இருந்தது, போன ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் ஆத்திரம் தீரவில்லை. இருந்தாலும் அம்மாவோடு வருகிறீர்கள், கொடுத்துவிடு.

எங்கள் வீட்டில் இருக்கும் நாட்களுக்குக் கவலையே வேண்டாம். எங்கள் மாநிலமான பவேரியா முழுக்கச் செல்லும் ஒருநாள் டிக்கெட் இருக்கிறது, ஒன்றிலேயே ஐந்து பேர் வரை போகலாம். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும் செல்லும். சாதாரண ரயில்கள் மட்டும்தான், வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான். உன் வீட்டில் 9 மணிக்கு முன்னால் யார் எழுந்திருக்கிறார்கள், அம்மாவைத் தவிர?

பெர்லினிலிருந்து பிராகாவுக்கு ஜெர்மன் ஆப்பில் மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடாதே. அதே ரயிலுக்குச் செக் ரயில்வேயின் ஆப்பில் பலமுறை விலை குறைவாக இருக்கும். இரண்டையும் திறந்து வைத்துப் பார். இடது பக்க ஜன்னலைப் பிடி. டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு கூடவே வரும், அக்கரையில் மணற்பாறைக் குன்றுகள். செக் ரயில் பெட்டியாக இருந்தால் சாப்பாட்டு வண்டிக்குப் போங்கள், அங்கேயே சமைத்துச் சூடாகத் தருகிறார்கள். பிராகாவிலிருந்து வியன்னாவுக்கு இரண்டு மூன்று கம்பெனிகள் போட்டி போடுகின்றன, அங்கே விலை உன்னைப் பயமுறுத்தாது.

வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு ராத்திரி ரயிலில் போனால் ஓட்டல் காசு மிச்சம் என்று பாலு கணக்குப் போட்டிருக்கிறார். ஐந்து பேருக்குப் படுக்கை எடுத்துப் பார்க்கச் சொல், மிச்சம் ஒன்றும் பெரிதாக இருக்காது. நான் சண்டை போடுவது அதற்காகவும் இல்லை. பகல் ரயில் ஸெம்மரிங் மலை ஏறிப் போகும். 1854-ல் திறந்த 41 கிலோமீட்டர் பாதை. பாதை போடத் தொடங்கியபோது அந்த ஏற்றத்தில் ஏறக்கூடிய எஞ்சினே கிடையாது. 1851-ல் போட்டி வைத்து எஞ்சின்களை ஓட்டிப் பார்த்தார்கள். நம் ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் கிடையாது, வளைந்து வளைந்தே ஏறுகிறது. ஓரிடத்தில் 46 மீட்டர் உயரத்தில் இரண்டடுக்குக் கல் பாலம், அதுவும் வளைவாக. நான் போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் பெட்டி அந்த வளைவில் திரும்புவதைப் பார்த்தேன். அப்பா ஞாபகம் வந்துவிட்டது, மலர். குன்னூர் ஏற்றத்தில் பெட்டிக்கு வெளியே நின்றபடி கொடியும் பிரேக்குமாக வருவாரே, அந்த நிற்பு. முப்பது வருஷம் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோன அம்மா இதைப் பார்க்காமல் தூங்கிக்கொண்டு போவதா? அந்த மலைக்கு அடியில் நீளமாகச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது திறந்துவிட்டால் வேக ரயில்கள் மேலே ஏறாது. அம்மாவை ஜன்னலோரம் உட்கார வை. காசு கூடினால் அந்த வித்தியாசம் என்னுடையது.

அப்புறம், விசா. இது முக்கியம். ஜெர்மனியில் மலிவு டிக்கெட் இரண்டு விதம். 'சூப்பர் ஷ்பார்ப்ரைஸ்' எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது. 'ஷ்பார்ப்ரைஸ்' சில யூரோ கூட, கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிப்ரவரியில்தான் உங்களுக்கு விசா நேர்காணல் என்றாயே, அதனால் இரண்டாவதையே எடு. இரண்டிலும் டிக்கெட்டில் போட்ட ரயிலில்தான் ஏற வேண்டும். ரயில் தாமதமாகி, போகிற ஊருக்கு 20 நிமிடத்துக்கு மேல் பிந்தும் என்றால் வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் பிந்தினால் டிக்கெட் விலையில் கால் பங்கும், இரண்டு மணி நேரம் பிந்தினால் பாதியும் திரும்பக் கேட்கலாம். ரயில் நின்ற இடத்தில் இறங்கி டீ தேடப் போகாதே, காட்பாடி ஒரு தரம் போதும்.

ஐந்து பேருடைய பெயரையும் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துப்படி, பிள்ளைகளின் பிறந்த தேதியோடு இந்த வாரமே அனுப்பு. பெர்லின் டிக்கெட்டை நானே எடுத்துவிடுகிறேன். அம்மாவிடம் பருப்புப் பொடி கேட்டதாகச் சொல். முழங்கால் வலிக்கு அவர் போடும் அந்த எண்ணெயை மறக்காமல் எடுத்து வரட்டும், வியன்னா ஸ்டேஷனில் நிறைய நடக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
வசந்தி